நிலா எழுந்த இடம்

2025ஆம் ஆண்டுத் தைப்பூசத்தன்று இரவு, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தை ஒரு படத்தைப் பகிர்ந்திருந்தார். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை. நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் வரிசை. அவற்றுக்கு மேலே, படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று ஒரு முழுநிலா. அதற்கு முன்னால், கைக்கெட்டும் தொலைவில் ஒரு தென்னை. 'முருகா! இன்று நம் ஊர்க் கடலில் எழுந்த நிலா' என்று கீழே எழுதியிருந்தது. சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடம் சுமந்து நடந்துவிட்டுக் களைப்போடு வீடு திரும்பியிருந்த உறவினர்கள் எல்லாரும் அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். எனக்கு அந்தப் படம் உறுத்தியது. அன்றைய நிலா அந்தத் திசையில் எழுந்திருக்கவே முடியாது.

மறுநாள் அத்தையிடம் அதைச் சொன்னேன். தைப்பூச நிலா நேர்கிழக்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 20 பாகை விலகி எழுந்தது. ஈஸ்ட் கோஸ்ட் கரையோ ஏறக்குறையக் கிழக்கு மேற்காக ஓடுகிறது. கடல் அதற்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே அங்கே நின்று அந்த நிலாவைத் தேடியவர்கள், சாங்கிப் பக்கத்து மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் பின்னாலிருந்துதான் அது எழுவதைப் பார்த்திருக்க முடியும், கப்பல்களுக்கு மேலே அல்ல. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "சாமி நாள்ல பார்க்க மனசு நிறையுது. நிஜமா இருந்தா என்ன, ஒட்டுனதா இருந்தா என்ன?" என்றார். சற்று நேரம் கழித்து, "நேர்ல பார்க்கிறப்ப நிலா அவ்வளவு பெரிசாத்தானே தெரியுது? நீ எடுக்கிற படத்துலதான் பொட்டு மாதிரி இருக்கு" என்றும் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னதற்கு என்னிடம் விடை இருந்தது. முதலாவது கேள்விக்கு இல்லை. கடல்மேல் எழும் நிலாவைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்துவரும் எனக்கு, அந்தக் கேள்விக்கு உடனே சொல்ல ஒன்றுமில்லை என்பது தாங்கிக்கொள்ள முடியாததாக இருந்தது.

பெரிதாகத் தெரியும் நிலா

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வானில் நிலாவின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகைதான், அது அடிவானத்தில் இருந்தாலும் உச்சியில் இருந்தாலும். அடிவானத்தில் அது பெருத்துத் தெரிவது நம் மனம் செய்யும் கணிப்பு. சரியாகச் சொன்னால், நிலா தலைக்கு மேல் வரும்போது பூமியின் ஆரமான சுமார் 6,400 கிலோமீட்டர் அளவுக்கு நாம் அதற்கு அருகில் வந்துவிடுகிறோம் என்பதால், எழும் நிலாவே உச்சி நிலாவைவிட மயிரிழை அளவு சிறியது. கேமராவுக்கு மனம் கிடையாது. லென்ஸின் குவியத் தொலைவை 110ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் சென்சாரில் விழும் நிலாவின் விட்டம். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அது அரை மில்லிமீட்டர்கூட இல்லை; 500 மில்லிமீட்டர் லென்ஸில் நான்கரை மில்லிமீட்டர். சென்சார் 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழுச்சட்ட கேமராவில் படத்தின் மூன்றில் ஒரு பங்கை நிலா நிரப்ப வேண்டுமானால் 1,300 மில்லிமீட்டர் அளவுக்கு லென்ஸ் வேண்டும். அந்த லென்ஸில் பத்து மீட்டர் உயரத் தென்னை ஒன்று நிலாவின் உயரத்துக்குச் சமமாகத் தெரிய, அது ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்க வேண்டும். அத்தை அனுப்பிய படத்தில் தென்னையின் பட்டைக் கோடுகளை எண்ண முடிந்தது.

இருந்தாலும், அளவைப் பொறுத்தவரை அத்தையின் பக்கத்தில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். கரையில் நின்று நிலா எழுவதைப் பார்த்த ஒருவருக்கு அது பெரியதாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கைத்தொலைபேசியில் பார்த்தால் கருங்கடலுக்கு மேல் வெள்ளைப் புள்ளி ஒன்று மட்டும் இருக்கிறது. தாம் கண்டதைக் கருவி காட்டவில்லை என்ற ஏமாற்றத்தில், கண்டதற்கு நெருக்கமாக இருக்கும் இன்னொரு படத்தை அவர் விரும்பிப் பகிர்கிறார். அதில் வஞ்சகம் ஏதும் இல்லை. ஆகவே எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது நிலாவின் அளவல்ல. அது நின்ற இடம். அந்த வேறுபாடு ஏன் எனக்கு அவ்வளவு முக்கியம் என்பதைத்தான் என்னால் எடுத்துச் சொல்ல முடியாமல் இருந்தது.

நம் கரையில் எழுவது எப்படி

நிலநடுக்கோட்டுக்கு ஒன்றே கால் பாகை அளவே வடக்கில் இருக்கும் இந்தத் தீவில் நிலா சாய்ந்து ஏறுவதில்லை. கிட்டத்தட்டச் செங்குத்தாக எழுகிறது. முதல் விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் நீரைவிட்டு விலக இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் நாம் பார்ப்பது, கணக்குப்படி இன்னும் அடிவானத்துக்குக் கீழே இருக்கும் நிலாவை. காற்று மண்டலம் ஒளியை வளைத்து, அடிவானத்தில் உள்ள பொருளை நிலாவின் முழு விட்டத்தைவிடச் சற்று அதிகமாகவே மேலே தூக்கிக் காட்டுகிறது. கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிட அதிகமாகத் தூக்குவதால் வட்டம் அமுங்கி, உயரம் அகலத்தில் ஆறில் ஐந்து பங்காகச் சுருங்கிவிடுகிறது. உச்சியிலிருந்து வரும் ஒளியைவிட ஏறத்தாழ 40 மடங்கு காற்றைக் கடந்து வருவதால் நீல ஒளி வழியிலேயே சிதறிவிட, நம்மை வந்து சேருவது மங்கிய செம்மஞ்சள்தான். சுமத்ராவில் காடு எரியும் மாதங்களில், புகைமூட்டத்தின் ஊடே அது செங்கல் நிறமாக, கண் கூசாத ஒரு தட்டாகத் தெரியும்; சில நாள்களில் தெரியவே தெரியாது.

இன்னொன்றையும் நம் கரையில் நின்று பார்த்தவர்கள் மட்டுமே அறிவார்கள். இங்கே எழும் நிலா பக்கவாட்டில் படுத்திருக்கிறது. அதன் வட துருவம் நமக்கு இடப்பக்கமும் தென் துருவம் வலப்பக்கமும் இருக்கும். முழுநிலாவில் ஒளிக்கீற்றுகளை எறிந்துகொண்டு நிற்கும் டைக்கோ என்னும் பள்ளம், வட நாடுகளில் எடுத்த படங்களில் கீழே தெரியும்; நம் கடல்மேல் நிலா எழும்போது அது வலப்பக்கம் இருக்கும். கிரைசியம் என்ற நீள்வட்டக் கறை உச்சியில் முதலில் வரும். அத்தை அனுப்பிய படத்தில் டைக்கோ கீழே இருந்தது. வேறு ஏதோ ஒரு நாட்டின் நள்ளிரவில், வானில் உயர்ந்து நின்ற வெண்ணிலாவை எடுத்து, அமுங்காமல் சிவக்காமல் அப்படியே நம் கடலில் ஒட்டியிருக்கிறார்கள்.

நிலா எழும் நேரத்தில் படமெடுப்பது எளிதல்ல என்பதையும், ஒட்டுவதற்கான ஆசை எங்கிருந்து வருகிறது என்பதையும் நான் அறிவேன். முழுநிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. அது உயர்ந்த பிறகு, ஐஎஸ்ஓ 100 என்ற குறைந்த ஒளியுணர்வில், எஃப் 11 என்ற சிறு திறப்பில், நொடியில் நூறில் ஒரு பங்கு நேரமே போதும். அதே அமைப்பில் இரவுக் கடல் முழுக்கக் கறுப்பாகிவிடும். கடலுக்கு ஏற்றபடி ஒளியைக் கூட்டினாலோ நிலா வெறும் வெள்ளைப் பொத்தலாகிவிடும். இரண்டும் ஒரே படத்தில் பொருந்துவது, வானில் நீலம் மிச்சமிருக்கும் சிறு இடைவெளியில் மட்டுமே. வெப்பமண்டலத்து அந்தி குறுகியது. சூரியன் மறைந்தபின் 20 நிமிடம் சொச்சத்தில் அந்த நீலம் போய்விடும். 1982இல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததிலிருந்து சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே மறைவதால், வேலை முடிந்து கடற்கரைக்கு ஓடி வருபவர்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது என்பது ஒரு வசதி. பௌர்ணமிக்கு முந்திய மாலையில் நிலா சராசரியாக 50 நிமிடம் முன்னதாகவே எழும். அடிவானத்தில் மேகம் ஏறியிருந்தாலும் அது தாண்டி வரும்வரை வெளிச்சம் காத்திருக்கும் என்பதால் நான் விரும்புவது அந்த மாலையைத்தான். நீரிணையின் அடிவானம் மேகமில்லாமல் கிடைப்பதே அரிது.

ட்ரைபாடை நகர்த்தாமல் கடலுக்கு ஒன்று, நிலாவுக்கு ஒன்று என இரண்டு படங்களை அடுத்தடுத்து எடுத்து இணைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் நிலாவை அது நின்ற இடத்திலேயே வைக்கிறார்கள். நிலாவை அடையாளம் கண்டுகொண்டு, அதன் கறைகளைத் தெளிவாக்கித் தரும் கைத்தொலைபேசிகள் இப்போது வந்துவிட்டன. சாம்சங் நிறுவனம் தன் கேமரா இதை எவ்வாறு செய்கிறது என்று 2023 மார்ச்சில் விளக்கமே வெளியிட்டது. புகையில் மங்கிய நிலாவை மங்கலாகவே வைத்திருக்க விரும்புகிறவள் நான் என்பதால் அதை நான் பயன்படுத்துவதில்லை. ஆனாலும் அங்கேகூட நிலாவின் இடம் மாறுவதில்லை.

கல் அங்கேயே இருக்கிறது

ஈஸ்ட் கோஸ்ட்டில் நான் வழக்கமாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு மரத்தடியில் ட்ரைபாடை ஊன்றி, 50 மில்லிமீட்டர் லென்ஸில் தென்கிழக்காகப் பார்த்தால், அலையைத் தடுக்கப் போட்ட கருங்கற்குவியலின் முனை படத்தின் நடுவில் வந்து நிற்கும். 2015 ஜூலை 1 அன்று அங்கே ஒரு படம் எடுத்தேன். அன்று மாலை மேற்கு வானில் வெள்ளியும் வியாழனும் மிக நெருங்கி நின்றன. கேமராவோடு வந்தவர்கள் பலரும் இருட்டுவதற்காகக் காத்துக்கொண்டு மேற்கைப் பார்த்தே நின்றார்கள். மறுநாள் பௌர்ணமி. சூரியன் இன்னும் மறையாத வெளிச்சத்தில், வெளிறிய நிலா எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் கற்குவியலின் முனைக்கு இடப்பக்கத்தில் எழுந்தது. அழகான படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தேதி, நேரம், நின்ற இடம், லென்ஸ் ஆகியவற்றை எழுதிவைக்கும் பழக்கத்தால் மட்டுமே அது என் கணினியில் தங்கியிருந்தது.

2025 ஜூன் 11, பௌர்ணமி. தங்கையின் மகளையும் அழைத்துக்கொண்டு அதே மரத்தடிக்குப் போனேன். சூரியன் மறைந்த சில நிமிடங்களில் நிலா எழ, ஒரு சரக்குக் கப்பலின் கொடிமரத்துக்குப் பின்னாலிருந்து அது வெளிவருவதைச் சிறுமி வியந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு வீட்டில் அந்தப் படத்தையும், அதே இடத்தில் எடுத்த பழைய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளுக்குக் காட்டினேன். பத்து ஆண்டுகளில் கரை எப்படி மாறியிருக்கிறது என்று காட்டுவதுதான் என் எண்ணம். அவள் பார்த்தது வேறொன்று. "பெரியம்மா, கல்லு அங்கேயே இருக்கு. நிலா மட்டும் தள்ளிப் போயிருக்கு" என்றாள்.

உண்மைதான். 2015இல் கற்குவியலின் முனைக்கு இடப்பக்கம் இருந்த நிலா, 2025இல் அதைத் தாண்டி வலப்பக்கம் போய், வெறும் நீருக்கு மேலே நின்றது. இரண்டுக்கும் இடையில் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வானக் கணக்கில் அது பத்துப் பாகை. இருபது நிலாக்களை விளிம்போடு விளிம்பாக அடுக்கிவைக்கும் தொலைவு. நின்ற இடம் மாறியிருக்குமோ என்று கற்களின் வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தேன், மாறவில்லை. இரண்டும் ஆண்டின் நடுவில், சூரியன் வானத்தின் வடகோடிக்கு அருகில் இருக்கும் நாள்களில் எடுத்தவை. சூரியனுக்கு எதிரே நிற்பதுதான் முழுநிலா என்றால், இரண்டு படங்களிலும் அது கிட்டத்தட்ட ஒரே இடத்தில் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை என்றால், இடம் மாறியிருப்பது நிலாவின் பாதை.

அந்தப் பாதை எப்படி மாறுகிறது என்பதை நான் முன்பே படித்திருக்கிறேன். சூரியன் செல்வதாகத் தெரியும் பாதைக்கு நிலாவின் பாதை ஐந்து பாகைக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் நிலையாக நிற்காமல் பின்னோக்கி நகர்ந்து, 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கின்றன. அந்தச் சுற்றின் ஒரு முனையில் நிலாவின் சாய்வு சூரியனின் 23.4 பாகையோடு கூடி 28.5 ஆகிறது; மறுமுனையில் அதிலிருந்து கழிந்து 18 சொச்சம் ஆகிறது. 2015 குறைந்த முனை. 2024, 2025 உயர்ந்த முனை. நிலநடுக்கோட்டின் அருகில் இருப்பதால், வானில் நிலா எத்தனை பாகை தெற்கே இருக்கிறதோ கிட்டத்தட்ட அத்தனை பாகை தெற்கே தள்ளித்தான் நம் அடிவானத்திலும் எழும். படித்து அறிந்திருந்த இந்தச் சுழற்சி, நானே எடுத்த இரண்டு சாதாரணப் படங்களுக்குள் கிடந்தது என்பது எனக்குத் தெரியாது. பழைய படத்தை எடுத்தபோது அதைக் காட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நிலா நின்ற இடத்தில் நிலாவை விட்டிருந்தேன், அவ்வளவுதான். அன்று படத்தை அழகாக்குவதற்காக அதைச் சற்று நகர்த்தியிருந்தால்கூட, பத்து ஆண்டு கழித்து ஒரு சிறுமி அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எடுத்தவருக்கே தெரியாத ஒன்றைப் படம் காப்பாற்றி வைத்திருக்கும். ஒட்டிய படத்திலோ ஒட்டியவர் நினைத்தது மட்டுமே இருக்கும். அத்தையின் கேள்விக்கு என்னிடம் இருந்த விடை அதுதான்.

அத்தைக்குத் தெரிந்த திசைகள்

அடுத்த வார இறுதியில் அத்தையின் வீவக அடுக்குமாடி வீட்டுக்குப் படங்களோடு போனேன். சாய்வு, வெட்டுப்புள்ளி என்றெல்லாம் தொடங்கியபோது அவருக்குச் சலிப்பாக இருந்தது தெரிந்தது. அந்த வெட்டுப்புள்ளிகள்தாம் ராகுவும் கேதுவும் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஆண்டு ராகு கேது பெயர்ச்சி முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தார். ஒரு ராசிக்கு ஒன்றரை ஆண்டு, பன்னிரண்டு ராசிக்குப் பதினெட்டு ஆண்டு, அதுவும் பின்னோக்கி என்ற கணக்கை எனக்கு முன்பாக அவரே சொல்லி முடித்தார். பஞ்சாங்கத்தில் வாழ்நாள் முழுவதும் பார்த்துவந்த நகர்வை ஒரு கற்குவியலின் இருபுறமும் நிற்கும் இரண்டு நிலாக்களாகப் பார்த்தது அவருக்குப் பிடித்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

பிறகு, நான் கேட்காமலேயே பேசத் தொடங்கினார். அத்தை பிறந்து வளர்ந்தது காத்தோங் பக்கத்துக் கடலோரக் கம்பம் ஒன்றில், அதாவது கிராமம் ஒன்றில். 1966இல் கிழக்குக் கரை நில மீட்பு தொடங்குவதற்கு முன்னால், இன்று நாம் சைக்கிள் ஓட்டும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் இடமெல்லாம் கடல். "தைப்பூசத்து நிலா எங்களுக்குக் கடல்ல வராது. தென்னந்தோப்புப் பக்கமாத்தான் வரும். ஆனி மாசத்து நிலாதான், கடலுக்குள்ள கழி நட்டு மீன் பிடிக்கிற கெலோங்குக்குப் பின்னாடி தண்ணியிலேருந்து வரும். அதைப் பார்க்க எங்கப்பா எங்களையெல்லாம் வாசல்ல உட்கார வைப்பாரு" என்றார். திசைகாட்டி இல்லாமல், கணக்கு இல்லாமல், மிகச் சரியாகச் சொன்னார். தைப்பூசத்தன்று தாம் அனுப்பிய படத்தில் நிலா தப்பான பக்கத்தில் இருந்தது அவருக்குத் தெரிந்த ஒன்றுதான். கேட்பதற்கு யாரும் இல்லாததால் அந்த அறிவு அறுபது ஆண்டுகளாக அவருக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அந்தக் கெலோங்கின் படமோ அந்த வாசலின் படமோ எங்கள் குடும்பத்தில் யாரிடமும் இல்லை.

இனி வரும் கரை

அந்தக் கரை மறுபடியும் நகரப்போகிறது. உயரும் கடல்மட்டத்திலிருந்து கிழக்குப் பகுதியைக் காக்க, ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டர் நிலத்தை மீட்டு 'லாங் ஐலண்ட்' அமைக்கும் திட்டத்தை அரசு 2023 நவம்பரில் அறிவித்தது. புதிய நிலத்துக்கும் இன்றைய கரைக்கும் இடையில் நன்னீர்த் தேக்கம் ஒன்று உருவாகும். தாழ்வான தீவுக்கு அது தேவை என்பதை நான் ஏற்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நிலாவின் பாதை மீண்டும் குறைந்த முனைக்கு வரும் 2034இல், என் மரத்தடியிலிருந்து பார்த்தால் கற்குவியலுக்கு அப்பால் திறந்த நீர் இருக்குமா, நில மீட்புப் பணி நடந்துகொண்டிருக்குமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனி மாதத்து நிலா நீரிலிருந்து எழுவதைக் காண, ஒரு காலத்தில் அந்தப் புதிய நிலத்தின் வெளிக்கரைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். 1987, 2006 ஆகிய ஆண்டுகளை ஒட்டி நிலா 2025இல் போலவே தென்கோடியில் எழுந்தது. 1997ஐ ஒட்டி 2015இல் போலவே உள்ளடங்கி எழுந்தது. அந்த ஆண்டுகளின் ஜூன், ஜூலை மாதங்களில் ஈஸ்ட் கோஸ்ட்டில் எடுத்த குடும்பப் படங்கள் பலருடைய ஆல்பங்களில் இருக்கும்: பிறந்தநாள் கூட்டம், கூடாரம், கோழி இறக்கை வாட்டும் அடுப்பு, ஓரத்தில் நிலா. பின்பக்கத்தில் தேதி எழுதியோ, மூலையில் அச்சாகியோ இருக்கக்கூடும். தேடிப் பாருங்கள், கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். நிலா பொட்டளவே இருந்தாலும் போதும், கூடவே கரையில் அசையாமல் நிற்கும் ஒரு கல்லோ விளக்குக் கம்பமோ படத்துக்குள் விழுந்திருக்க வேண்டும்.